கவுண்டி சாலை வரி பேலட்டில் வருகிறதா? 'நோ' பக்கம் நின்று வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டி, போக்குவரத்துக்கென்று டாலருக்கு அரை சென்ட் சேல்ஸ் டாக்ஸ் கேட்டு பேலட்டில் (ஓட்டுச்சீட்டில்) மெஷர் வைக்கிறது, அதாவது 'யெஸ்' அல்லது 'நோ' என்று மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தீர்மானம். குழிகளை அடைப்போம், பஸ் விடுவோம் என்று முதல் பக்கம் சொல்கிறது. உள்ளே புரட்டினால், ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தின் நடுவே புது எக்ஸ்பிரஸ்வே. ரோடு வந்தால் அதை ஒட்டி வீட்டு மனைகள் வரும். ஊர் இன்னும் பத்து மைல் தள்ளிப் பரவும், கார் ஓட்டமும் புகையும் கூடும். இதை எதிர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கே தொடங்குவது?

சாக்ரமெண்டோ கவுண்டியில் 2022 நவம்பர் தேர்தலில் மெஷர் ஏ என்ற இப்படிப்பட்ட வரிக்கு எதிராக வேலை செய்த தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அப்புறம் வேறு இரண்டு கவுண்டிகளில் நண்பர்களுக்குக் கைகொடுத்தேன். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது எப்போதும் ஒரே சில இடங்களில்தான். அதனால் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். விதிகள் கலிஃபோர்னியாவுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருந்தால் வரிசை ஏறக்குறைய இதேதான், தேதிகளும் எண்களும் மாறும்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: மெஷரின் முழு வாசகம் (சுருக்கம் போதாது), கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் அறிவிப்புகள், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், பெயர் போட்டுக் கையெழுத்திடத் தயங்காத ஐந்து பேர்.

1. முதல் வேலை காலண்டர்

எல்லாரும் செய்யும் முதல் தவறு, "தேர்தல் நவம்பரில்தானே, செப்டம்பரில் ஆரம்பிக்கலாம்" என்று நினைப்பது. செப்டம்பரில் ஆரம்பிப்பவருக்குப் பாதி வாய்ப்பு போய்விட்டிருக்கும்.

கவுண்டி மெஷர் பேலட்டில் ஏறுவது தேர்தலுக்கு 88 நாள் முன்பே முடிவாகிவிடும். 2022-ல் அது ஆகஸ்ட் 12. வாக்காளர் கையேட்டில் அச்சாகும் எதிர்வாதத்தை எழுதிக் கொடுக்கும் கெடு அதற்கு மிக அருகிலேயே வரும். தேதியைத் தேர்தல் அதிகாரி குறிப்பார், யாரும் போன் செய்து உங்களை அழைக்க மாட்டார்கள். பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் தபால் பேலட் கிளம்புவது 29 நாள் முன்பு, அதாவது அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள். உங்கள் உண்மையான தேர்தல் நாள் அதுதான்.

ஒரு தாளில் நான்கு தேதிகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: வாதம் கொடுக்கும் கெடு, எதிர்த்தரப்பு வாதத்துக்கு மறுப்பு கொடுக்கும் கெடு, பேலட் தபாலில் போகும் நாள், தேர்தல் நாள். மற்ற வேலைகளை இந்த நான்கிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள்.

2. ஜெயிக்க எத்தனை ஓட்டு என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் பிரச்சாரத்தைத் திட்டமிட முடியாது. 1996-ல் மாநில மக்கள் ஓட்டில் நிறைவேறிய ப்ரொபொசிஷன் 218-இன்படி, குறிப்பிட்ட நோக்கத்துக்கு உள்ளூர் அரசு கேட்கும் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்படிப்பட்ட மெஷரைத் தோற்கடிக்க மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் 'நோ' கிடைத்தாலே போதும். சாண்டியாகோவில் 2016-இல் வந்த மெஷர் ஏ ஏறக்குறைய 58 சதவீதம் வாங்கியும் தோற்றது இதனால்தான். அதே ஆண்டு சாக்ரமெண்டோவின் மெஷர் பி நூலிழையில் தவறியது.

ஆனால் மக்களிடம் கையெழுத்துத் திரட்டி இனிஷியேட்டிவாகக் கொண்டுவந்தால் கதை வேறு. 2017-இல் அப்லாண்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து வந்த தீர்ப்புகளால், அப்படிப்பட்ட வரிக்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும் என்றாகிவிட்டது. சாக்ரமெண்டோவில் 2022-ல் நடந்தது இந்த வழிதான். எனவே மெஷரின் முதல் பக்கத்திலேயே பாருங்கள்: வைத்தது சூப்பர்வைசர் போர்டா (கவுண்டியை ஆளும் குழு), கையெழுத்துத் திரட்டிய மனுதாரர்களா? மனுதாரர்கள் என்றால் மூன்றில் ஒரு பங்கை நம்பி உட்காரக் கூடாது, நடுவில் நிற்கிறவர்களையும் பிடிக்க வேண்டும்.

3. செலவுத் திட்டத்தை முழுதாகப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். சண்டை ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். பலர் செய்தித்தாளில் வந்த சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேச வருகிறார்கள். எதிர்த்தரப்பு ஒரு பக்க எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்டதும் நின்றுவிடுகிறார்கள்.

நான் செய்தது இது. நூலகத்தில் முழுவதையும் பிரின்ட் எடுத்து, சமையலறை மேஜையில் மூன்று மார்க்கர்களோடு உட்கார்ந்தேன். பழுதுபார்ப்புக்குப் பச்சை, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நீலம், புது லேன், புது இன்டர்சேஞ்ச், புது ரோடு எல்லாவற்றுக்கும் ரோஸ். முடித்ததும் கவுண்டி மேப் ஒன்றில் ரோஸை மட்டும் வரைந்தேன். ஊருக்குள் அங்கங்கே புள்ளிகள். ஆனால் கிழக்கு ஓரத்தில், எல்க் க்ரோவிலிருந்து ரான்சோ கார்டோவா, ஃபால்சம் ஓரமாக எல் டொராடோ ஹில்ஸ் வரை ஒரு நீளக்கோடு. அதுதான் கேபிடல் சவுத்ஈஸ்ட் கனெக்டர், 34 மைல். அந்த மேப் ஒன்றே பிறகு எங்களுக்கு நூறு துண்டறிக்கைக்குச் சமமாக உதவியது. கூட்டத்தில் விரித்தால் ஆட்கள் முதலில் தங்கள் வீட்டைத் தேடுவார்கள், பிறகு அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள்.

படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள்.

வினைச்சொல். "செய்யப்படும்" என்பதும் "செய்யலாம்" என்பதும் ஒன்றல்ல. பஸ் பக்கத்தில் "செய்யலாம்" நிறைய இருந்து, எக்ஸ்பிரஸ்வே பக்கத்தில் "செய்யப்படும்" இருந்தால், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

சதவீதம் எதன்மேல். சில திட்டங்களுக்குப் பணம் முதலிலேயே எடுத்து வைக்கப்படும், மிச்சத்தில்தான் மற்றவற்றுக்குப் பங்கு. 'பஸ்ஸுக்கு இத்தனை சதவீதம்' என்பது மொத்தத்திலா, மிச்சத்திலா?

கால அளவு. 2022-இன் மெஷர் கேட்டது 40 ஆண்டு, மதிப்பிட்ட வசூல் சுமார் 850 கோடி டாலர். 40 ஆண்டு என்றால் இன்று கைக்குழந்தையாக இருப்பவர் நடுவயதைத் தொடும்வரை இன்றைய பட்டியல் ஓடும்.

கடன் பத்திரம். வரப்போகும் வரியை அடமானமாக வைத்து இப்போதே பாண்டு விற்க அனுமதி இருக்கிறதா? இருந்தால் பெரிய ரோடுகள்தான் முதலில் எழும். பத்து வருடம் கழித்து மனம் மாறினாலும் கடனைக் கட்டியே ஆக வேண்டும்.

மாற்றும் அதிகாரம். பட்டியலைத் திருத்த யாருக்கு உரிமை, எத்தனை ஓட்டு வேண்டும்? "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்று உங்களிடம் சொல்பவருக்கு இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

அப்புறம், யார் பணம் போட்டார்கள் என்று பாருங்கள். ஆதரவுக் கமிட்டி தாக்கல் செய்யும் வரவு செலவுக் கணக்கான படிவம் 460-இல் நன்கொடையாளர் பெயரும் தொழிலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரோஸ் கோட்டின் ஓரத்தில் நிலம் வைத்திருப்போர் அந்தப் பட்டியலில் இருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள், உள்நோக்கம் கற்பிக்க வேண்டாம். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

4. மாசுக் கணக்கை எளிதாக்குங்கள், பெரிதாக்காதீர்கள்

"இந்த ரோடு வந்தால் நம் பிள்ளைகள் மூச்சுத் திணறிச் சாவார்கள்" என்று ஒரு தன்னார்வலர் கூட்டத்தில் சொன்னார். அன்று மாலை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சமாளிப்பதிலேயே போனது. நிரூபிக்க முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், அதுவே நிறைய இருக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியது, ரோட்டை அகலப்படுத்தினால் ஓட்டமும் கூடும் என்பது. டுரான்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, நகரங்களில் லேன் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் கார் ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது. ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயைப் பல நூறு கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி, சில இடங்களில் பக்கச் சாலைகளோடு சேர்த்து 26 லேன் ஆக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரத்துப் பயணம் மறுபடி நீண்டது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு இலவசக் கணிப்பான் இருக்கிறது. கவுண்டியையும் எத்தனை லேன்-மைல் (ஒரு லேன், ஒரு மைல் நீளம்) கூடுகிறது என்பதையும் கொடுத்தால், ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டம் கூடும் என்று சொல்லும். அது எல்லா வகைச் சாலைக்கும் பொருந்தாது. எதற்குப் பொருந்தும் என்ற குறிப்பைப் படித்த பிறகே எண்ணை வெளியே சொல்லுங்கள்.

இரண்டாவது, மாநில இலக்கு. 2008-இன் எஸ்பி 375 சட்டப்படி ஒவ்வொரு பெருநகரப் பகுதிக்கும் கார்களின் தலா பசுமைக்குடில் வாயு வெளியீட்டைக் குறைக்க இலக்கு உண்டு. சாக்ரமெண்டோ பகுதிக்கு அது 2005-ஐ ஒப்பிட்டு 2035-க்குள் 19 சதவீதம். கலிஃபோர்னியாவின் மொத்த வெளியீட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் போக்குவரத்திலிருந்து வருகிறது. உங்கள் பகுதியின் திட்டக் குழு இந்தப் பட்டியலைப் பற்றி ஏதாவது ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அவர்கள் பேச்சுக்கு இருக்கும் எடை நம் பேச்சுக்கு இல்லை.

மூன்றாவது, வீட்டுக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரம். நாளுக்கு ஒரு லட்சம் வண்டி ஓடும் சாலையிலிருந்து 500 அடிக்குள் புது வீடுகளோ பள்ளிகளோ வேண்டாம் என்று மாநிலக் காற்று வாரியம் 2005-லேயே பரிந்துரைத்தது. "எல்லாரும் எலெக்ட்ரிக் கார் வாங்கிவிடுவார்களே" என்று கட்டாயம் கேட்பார்கள். டயர் தூசு எலெக்ட்ரிக் காரிலும் வரும், பரந்துபோன ஊரில் ஓட வேண்டிய தூரமும் குறையாது. இரண்டு வரியில் முடித்துவிட்டு மேலே போங்கள்.

5. ஐந்து கையெழுத்து

எதிர்வாதத்தின் கீழ் அதிகபட்சம் ஐந்து பேர் கையெழுத்திடலாம். ஐந்து பேரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்றால் ஒரே ஆள் ஐந்து முறை பேசுவது போலத்தான். ஒரு டாக்டர், ஒரு விவசாயி, பஸ்ஸில் போகும் ஒருவர், வரிக்கணக்கு தெரிந்த ஒருவர் என்று கலந்து தேடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்வாதங்கள் வந்தால் தேர்தல் அதிகாரி ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார். உண்மையான குடிமக்கள் சங்கத்துக்குத் தனிநபரைவிட முன்னுரிமை உண்டு. அதனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு அமைப்பின் பெயரில் கொடுங்கள், தனியாளாகக் கொடுத்துவிட்டு வருந்தாதீர்கள். வரியே வேண்டாம் என்கிற குழுவும் எதிர்வாதம் எழுதிக்கொண்டிருக்கும். முன்பே போன் செய்து பேசிவிடுங்கள். அவர்களோடு சேர்ந்து ஒரே துண்டறிக்கை அடிப்பது எனக்குப் பிடிக்காது. அடுத்த முறை நல்ல பஸ் வரி ஒன்று வரும்போது நாம் எதிரெதிர்ப் பக்கம் நிற்போம். ஆனால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்கலாம்.

நம்மவர்கள் கேட்கும் கேள்வி: தமிழ்ச் சங்கம் பேசலாமா? 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு, வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பேலட் மெஷர் பற்றி வரம்புக்குள் நிலைப்பாடு எடுக்கலாம். என் அனுபவத்தில் சங்கத்தை இழுக்காமல், பொங்கல் விழாக் குழுவில் இருக்கும் இரண்டு பேரைத் தனிப்பட்ட முறையில் கூப்பிடுவதே நல்லது. கமிட்டிக்குள் சண்டை வந்தால் அதை ஆற்றவே ஒரு வருடம் ஆகும்.

6. 300 சொல்

கவுண்டி மெஷருக்கு வாதம் 300 சொல், மறுப்பு 250. வாக்காளர் கையேட்டில் இலவசமாக வீடுவீடாகப் போகும் ஒரே பிரச்சாரம் இதுதான். இதற்குச் சமமாகத் தபால் அனுப்ப வேண்டுமானால் லட்சக்கணக்கில் டாலர் ஆகும்.

சொல் எண்ணும் விதியை முதலில் படியுங்கள். இடப்பெயர் எத்தனை சொல்லானாலும் ஒன்று, இணைய முகவரியும் ஒன்று. நாங்கள் 300-க்குள் அடக்கியாயிற்று என்று நினைத்துக் கொண்டுபோன வரைவு, கவுன்டரில் எண்ணியபோது கூடுதலாக வந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பெயரடைகளை வெட்டினோம். வெட்டிய பிறகு வாதம் முன்னைவிட நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம். கெடு நாள் மாலை போகாதீர்கள். ஒரு நாள் முன்னால் போங்கள், ஐந்து பேரின் கையெழுத்துப் படிவங்களும் சேர்ந்தே இருக்கட்டும்.

முதல் வாக்கியம் ரோட்டைப் பற்றி இருக்கட்டும், சூழலியல் கொள்கை பற்றி வேண்டாம். "இது உங்கள் தெருக் குழிக்கான வரி என்கிறார்கள், பட்டியலைப் பாருங்கள்" என்பது போல. எண்கள் மூன்று போதும்.

கொடுத்த பிறகு பத்து நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். எதிர்த்தரப்பு வாதத்தில் பொய்யோ திசைதிருப்பலோ இருந்தால் எந்த வாக்காளரும் நீதிமன்றம் போகலாம். வக்கீல் செலவு உண்டு, நிரூபிக்கும் பாரமும் அதிகம். பெரும்பாலும் அந்தச் சக்தியை மறுப்பு எழுதுவதில் போடுவதே மேல்.

7. பணம் தொடும் முன்

ஒரு டாலர் வாங்கும் முன் ட்ரெஷரரை நியமியுங்கள். ஒரு காலண்டர் ஆண்டில் 2,000 டாலர் திரண்டுவிட்டால் நீங்கள் சட்டப்படி கமிட்டி. பத்து நாளுக்குள் கமிட்டியைப் பதிவு செய்யும் படிவம் 410, பிறகு குறித்த தேதிகளில் 460. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் ஒருவரிடமிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும்.

100 டாலரும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. 100 டாலரிலிருந்து பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாம் எழுதி வாங்குங்கள். அப்போதே கேட்காமல் விட்டால் அக்டோபரில் ட்ரெஷரர் ஒவ்வொருவருக்கும் போன் அடித்துக்கொண்டிருப்பார்.

ஒன்றை மறக்காதீர்கள். வெளிநாட்டவர் பேலட் மெஷருக்குப் பணம் கொடுப்பதற்குத் தடை உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். எச்1பி-யில் இருக்கும் நண்பர் ஆசையாக 50 டாலர் நீட்டினாலும் வாங்காதீர்கள். அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. ஆபீஸ் ஈமெயிலிலிருந்து, அதிலும் அரசு வேலையில் இருந்தால், ஒரு வரிகூட அனுப்பாதீர்கள்.

அதே விதி மறுபக்கத்துக்கும் உண்டு. 1976-இன் ஸ்டான்சன் வழக்கிலிருந்து, பொதுப் பணத்தில் 'யெஸ் போடுங்கள்' என்று பிரச்சாரம் செய்ய அரசு அமைப்புகளுக்கு அனுமதி இல்லை, தகவல் மட்டும் தரலாம். தபாலில் வரும் பளபளப்பான அட்டைகளைச் சேர்த்து வையுங்கள்.

8. வாசலில் நின்று பேசுவது

ஃபால்சமில் ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர், மகள் வீட்டில் தங்கியிருப்பவர், குடியுரிமை வாங்கியவர். மேப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, அப்போ ட்ராஃபிக் குறையவே கூடாதா? மாப்பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கார்."

முதல் வாரத்தில் என்றால் காலநிலை பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றியிருப்பேன். அதற்குள் புத்தி வந்திருந்தது. "குறையணும்தான் ஐயா. மாப்பிள்ளை போற ரூட் எது?" என்றேன். ஹைவே 50 என்றார். மேப்பில் கோடு எங்கே முடிகிறது என்று காட்டினேன். அந்தப் பக்கம் புதிதாக வரும் வீடுகளின் கார்களும் அதே 50-இல்தான் வந்து ஏறும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மகளைக் கூப்பிட்டார்.

கேள்வி கேளுங்கள், அவர்கள் ஓட்டும் ரூட்டிலிருந்து பேசுங்கள். அடுத்து வரும் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும்: "நோ போட்டால் குழியை யார் அடைப்பது?" சாக்ரமெண்டோவில் 1988-இல் தொடங்கி 2004-இல் நீட்டித்த அரை சென்ட் வரி 2039 வரை ஓடுகிறது. 2022-இல் கேட்டது அதற்கு மேல் இன்னொரு அரை சென்ட். உங்கள் கவுண்டியில் பழைய வரி எப்போது முடிகிறது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். அது அடுத்த ஆண்டே முடிவதாக இருந்தால் பதிலும் வேறாக இருக்க வேண்டும்.

9. பேலட் கிளம்பும் வாரம்

பணமும் ஆளும் இந்த வாரத்துக்கு முன்பே செலவாகிவிட வேண்டும். கடைசி வாரத்துக்கென்று பத்திரப்படுத்திய துண்டறிக்கை, ஓட்டுப் போட்டு முடித்தவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

200-க்கு மேல் ஒரே மாதிரி தபால் அனுப்பினால் கமிட்டியின் பெயர் அதில் இருக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை ஓரத்தில் பலகை வைக்கத் தனி விதிகள் உண்டு. எனக்குப் பலகைகளில் நம்பிக்கை குறைவு, தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் பத்து வைத்தால் போதும்.

10. எண்ணிக்கைக்குப் பிறகு

தேர்தல் இரவு வரும் எண்ணை நம்பி அறிக்கை விடாதீர்கள். தபால் ஓட்டு எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும், நெருக்கமான போட்டியில் முடிவு தலைகீழாகலாம். சாக்ரமெண்டோவில் 2022-இல் பாதிக்கு மேல் 'நோ' விழுந்து மெஷர் தோற்றது. அதே தேர்தலில் ஃப்ரெஸ்னோவின் மெஷர் சி, பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டைத் தொடவில்லை.

ஜெயித்தால் அடுத்த மாதமே மாற்றுப் பட்டியலோடு போங்கள். சியாட்டில் பகுதியில் 2007 நவம்பரில் ரோடும் ரயிலும் கலந்த ப்ரொபொசிஷன் 1-ஐ, புது லேன்களைக் காட்டிச் சூழல் அமைப்புகளில் ஒரு பகுதி எதிர்த்தது. 56 சதவீதம் 'நோ'. "ரயிலையும் சேர்த்துக் கொன்றுவிட்டீர்கள்" என்று திட்டு விழுந்தது. ஒரு வருடம் கழித்து ரயிலும் பஸ்ஸும் மட்டும் கொண்ட திட்டம் 57 சதவீதத்துடன் நிறைவேறியது. இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன், ஏனென்றால் அந்தத் திட்டு எல்லா ஊரிலும் விழும்.

கடைசியாகக் காகித வேலை. பில்களைக் கட்டி, மிச்சப் பணத்தைச் சட்டப்படி தீர்த்து, கடைசி 460-ஐயும் கமிட்டியை மூடும் 410-ஐயும் தாக்கல் செய்யுங்கள். மூடாமல் விட்டால் ஆண்டுக் கட்டணம் 50 டாலர் கேட்டு மாநிலத்திலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கும். மார்க்கர் போட்ட அந்த மேப்பைச் சுருட்டி, யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். எங்களுடையது என் வீட்டு கராஜில், பழைய கொலு படிகளுக்குப் பின்னால் நிற்கிறது.